பொய் சொல்லும் பெட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

கோவையில் டீசல் கார்களுக்கென்று பட்டறை வைத்து 22 வருடம் ஆகிறது. பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். எந்தப் பெட்டி என்று நான் கேட்கவே இல்லை. வாரத்துக்கு ஒருவராவது, பெரும்பாலும் இளவட்டம், கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "அண்ணா, இதை மாட்டினா பிக்கப் எகிறுமாமே, மாட்டிக் குடுங்க" என்று வந்து நிற்பார். சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதிலிருந்து முழ நீளத்துக்கு வயர், வயர் முனையில் சொருகி இணைக்கும் இரண்டு கப்ளர். டியூனிங் பாக்ஸ் என்பது பார்வைக்கு இவ்வளவுதான்.

ஆசை என்னவோ பழைய ஆசைதான். நான் தொழில் பழகிய காலத்தில் பட்டறையில் அம்பாசிடர் டீசலும் டாடா 407-ம் வரிசையாக நிற்கும். மேட்டில் லோடு இழுக்கவில்லை என்று டிரைவர் சொன்னால், எங்கள் மேஸ்திரி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இன்ஜினுக்கு டீசல் அனுப்பும் மைக்கோ பம்புப் பக்கம் போவார். டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் திருகைக் கொஞ்சம் திருப்புவார். வண்டி பாயும், பின்னாலேயே கரும்புகையும் பாயும். புகை மிஞ்சினால் திருகைக் கொஞ்சம் பின்வாங்குவார். அவருக்குப் புகைதான் மீட்டர்.

அப்புறம் காமன் ரெயில் என்ற டீசல் ஏற்பாடு வந்தது. 1997-ல் இத்தாலியில் ஆல்ஃபா ரோமியோ 156 என்ற காரில் முதலில் அதைக் கொடுத்தார்கள். பம்பு தனியாக டீசலை அழுத்தி ஒரு தடித்த இரும்புக் குழாயில் நிரப்பி வைக்கும். அந்தக் குழாய்தான் ரெயில். அதிலிருந்து டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டரும் எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை ஈசியூ என்கிற கம்ப்யூட்டர் முடிவு செய்யும். நம் ஊர் சாலையில் இந்த வித்தையைப் பரவலாக்கியது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் இன்ஜின். 1248 சிசி. மாருதி ஸ்விஃப்டில் 2007-லிருந்து டிடிஐஎஸ் என்ற பெயரில் வந்ததும், இண்டிகாவில், புண்டோவில் வந்ததும் அதே இன்ஜின்தான். நான் வைத்திருந்ததும் ஒரு ஸ்விஃப்ட்தான். அதனால் அதை வைத்தே பேசுகிறேன்.

ரெயிலுக்குள் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் 1400, 1600 பார் வரை போகும். காரின் டயரில் இருப்பது இரண்டு பாரும் சொச்சமும். அதைப்போல எழுநூறு மடங்கு. அவ்வளவு அழுத்தத்தில் ஒரு நட்டு லேசாகக் கசிந்தால்கூட அந்த டீசல் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தினாற்போல்தான் தெரியும், கை போய்விடும். இன்ஜின் ஓடும்போது டீசல் பைப்பைத் தளர்த்தவோ, கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவோ கூடாது. பெட்டி மாட்டுகிறவர்கள், மாட்டாதவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

அந்த ரெயிலில் அழுத்தத்தை அளக்கும் ஒரு சென்சார் இருக்கும். மூன்று வயர். ஒன்றில் ஐந்து வோல்ட் வரும், ஒன்று எர்த், மூன்றாவதில் சென்சார் பதில் சொல்லும். அழுத்தம் இல்லாதபோது அரை வோல்ட், ஏற ஏற நாலரை வோல்ட் வரை. ஈசியூவுக்குக் கண் கிடையாது, இந்த வோல்ட்தான் கண். பெட்டி போய் உட்காருவது சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில். உள்ளே 1400 பார் இருக்கும். சென்சாரும் அதை நேர்மையாகச் சொல்லும். பெட்டி அதை வாங்கிக்கொண்டு, "1270-தாங்க இருக்கு" என்று ஈசியூவிடம் சொல்லும். அது பதறிப்போய் இன்னும் ஏற்று என்று பம்பை விரட்டும். "இப்ப 1400 ஆச்சு" என்று பெட்டி சொல்லும்போது உள்ளே நிஜமாக இருப்பது 1540. இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் பழைய கணக்குப்படியே இருக்கும். அழுத்தம் கூடியதால் அதே நேரத்தில் டீசல் கொஞ்சம் கூடுதலாகப் பீய்ச்சும். அந்தக் கூடுதல் டீசல்தான் உங்கள் பிக்கப்.

சரி, எவ்வளவு கூடும்? அழுத்தம் பத்து சதவீதம் ஏறினால் டீசலும் பத்து சதவீதம் ஏறிவிடாது. அது வர்க்கமூலக் கணக்கு. சுமார் ஐந்து சதவீதம்தான் ஏறும். டீசல் 15 சதவீதம் கூட வேண்டுமானால் 1400 பார் 1850 ஆக வேண்டும். அந்தப் பம்பும் ரெயிலும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இந்த ஒரு சென்சாரில் மட்டும் மாட்டுகிற பெட்டிக்கு 25 சதவீதம், 30 சதவீதம் என்று விளம்பரம் வந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். டர்போ என்பது இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் விசிறி. அதன் காற்றழுத்தச் சென்சாரையும், இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தையும் சேர்த்துத் தொடுகிற பெட்டிகள் உண்டு. அவை வேறு ரகம், விலையும் வேறு. மலிவில் கிடைத்த ஒரு பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு ரெசிஸ்டர். இரண்டு ரூபாய் பெறும். பெட்டி கனமாக இருக்க வேண்டுமே என்று சுற்றிலும் பசையை ஊற்றியிருந்தார்கள்.

மாட்டுவது பெரிய வேலையில்லை. சாவியை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும், ஈசியூ தூங்கப் போகட்டும். இதுதான் பையன்களால் முடியாத வேலை. பிறகு இன்ஜின் மேலே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினால் ரெயிலின் ஒரு முனையில் சென்சார் தெரியும். அதன் கப்ளரில் ஒரு பூட்டு நாக்கு இருக்கும். பழைய வண்டியில் சூட்டில் வெந்து வெந்து அது அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் உடையும். கட்டை விரலால் அழுத்திக்கொண்டே மெதுவாக உருவ வேண்டும். பெட்டியின் ஒரு கப்ளர் சென்சாரில், இன்னொன்று வண்டியின் வயரில். டக்கென்று சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் உட்காரவில்லை என்று அர்த்தம். கொண்டை ஊசி வளைவில் குலுங்கும்போது கழன்று வண்டி அங்கேயே நின்றுவிடும். வயரை டர்போ பக்கமோ சைலன்சர் மேனிஃபோல்டு பக்கமோ கொண்டுபோகாமல், ஏற்கெனவே இருக்கும் வயர்க் கட்டோடு சேர்த்து டை போட வேண்டும். ஸ்டார்ட் பண்ணி, செக் லைட் அணைகிறதா, ஐடிலிங் சீராக இருக்கிறதா என்று பார்த்தால் முடிந்தது. எனக்கு இருபது நிமிட வேலை.

என் ஸ்விஃப்டில் மாட்டிய அன்றே திம்பம் மலைப்பாதைக்கு ஓட்டினேன். சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி தாண்டினால் 27 கொண்டை ஊசி வளைவுகள். இந்த வண்டியை ஓட்டியவர்களுக்கு அதன் குணம் தெரியும். இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குக் கீழே ஓடினால் டர்போ விழிக்காது. வளைவில் லாரிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் 1400 சுற்றுக்கு இறங்கிவிட்டால், மிதித்தாலும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். அப்புறம் திடீரென்று தள்ளும். அந்த மூச்சிரைப்பு போகும் என்று நினைத்துத்தான் நான் பெட்டி மாட்டினேன்.

பண்ணாரி வரை சமவெளியில் சும்மா சொல்லக்கூடாது, அருமை. மூன்றாவது கியரில் மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டியது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஏழாவது வளைவோ எட்டாவது வளைவோ, லாரிக்குப் பின்னால் சுற்று இறங்கியது. மிதித்தேன். பழைய மூச்சிரைப்பு அப்படியே இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வந்த பைக்காரர் கரும்புகைக்குள் காணாமல் போயிருந்தார். பெட்டி கூடுதலாகத் தருவது டீசல். அங்கே பற்றாக்குறை காற்றுக்குத்தான். டர்போ சுற்றாமல் காற்று ஏது? காற்றில்லாத டீசல் கரியாகத்தான் போகும். எங்கள் மேஸ்திரி இருந்திருந்தால் அப்போதே இறங்கித் திருகைக் குறைத்திருப்பார்.

அடுத்தது கிளட்ச். அந்த வண்டியின் கிளட்ச் 190 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசைக்கு அளந்து போட்டது. என் கிளட்ச் பிளேட் ஏற்கெனவே 70,000 கிலோமீட்டர் உழைத்தது. நாலு மாதத்தில், நாலாவது கியரில் மிதித்தால் மீட்டர் முள் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. கருகல் வாசனை. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் எல்லாம் மாற்றினேன். கூலி என்னுடையது என்பதால் தப்பித்தேன்.

மைலேஜ் கதைக்கு வருகிறேன். எனக்கு விற்றவர் அடித்துச் சொன்னது, மைலேஜும் கூடும் என்று. மாட்டிய பிறகு டேஷ்போர்டில் லிட்டருக்கு 23 என்று காட்டியது. முன்பு 21-தான் காட்டும். இரண்டு வாரம் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அதைக் காட்டிக்கொண்டிருந்தேன். பட்டறையில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர்தான், "அந்த மீட்டருக்கு யார் தம்பி கணக்கு சொல்றது?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. டேஷ்போர்டில் வரும் மைலேஜ், டேங்கில் அளந்து வருவதில்லை. ஈசியூ தான் கொடுத்ததாக நினைக்கும் டீசலைக் கூட்டிச் சொல்லும் கணக்கு அது. பெட்டி அதனிடம் அழுத்தத்தைக் குறைத்துச் சொல்கிறது. குறைந்த அழுத்தம் என்றால் குறைந்த டீசல் என்று அது கணக்கெழுதுகிறது. பொய் சொல்லச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அதே வாயால் மைலேஜ் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஈசியூ சொல்வதைப் படித்துக் காட்டும் ஓபிடி கருவியை வைத்துக் கைப்பேசியில் ரெயில் அழுத்தம் பார்க்கிறவர்களுக்கும் இதே கதிதான். அதில் தெரிவதும் பெட்டி சொன்ன அளவுதான்.

அதற்குப் பிறகு ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே பம்பில், கன் தானாக நிற்கும் வரை டேங்க் ஃபுல் பண்ணி மூன்று முறை எழுதி வைத்தேன். லிட்டருக்கு 18.4. பெட்டிக்கு முன்பு இதே முறையில் எழுதி வைத்திருந்தது 19.6. முழுப் பழியையும் பெட்டி மேல் போட மாட்டேன். பிக்கப் இருக்கிறது என்றால் கால் சும்மா இருக்குமா?

இன்னொரு விஷயத்தையும் யோசித்துப் பாருங்கள். இதே 1.3 இன்ஜினை எர்டிகாவிலும் சியாஸிலும் 90 குதிரைத் திறனோடு விற்றார்கள். ஸ்விஃப்டில் 75. அந்த 15 குதிரைக்காகக் கம்பெனி டீசலை மட்டும் கூட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. டர்போவையே மாற்றியது. இறக்கை திரும்பிக் காற்றோட்டத்துக்கு ஏற்ப வழிவிடும் டர்போவைப் போட்டது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றிதழுக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவு வந்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். பெட்டி இதில் வராது, கழற்றினால் பழைய வண்டிதானே என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அந்த வாதத்தை விபத்து நடந்த பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயரிடம் பேசிப் பாருங்கள். சர்வீஸுக்கு விடும்போது கழற்றிவிட்டு, வந்ததும் மாட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். கப்ளரின் பூட்டு நாக்கில் கீறல் விழுந்திருப்பதைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரியும்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலையே விட்டுவிட்டது. மற்ற கம்பெனிகளின் புது டீசல் கார்களில் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கிறது. பெட்டி மாட்டிக் கரியைக் கூட்டினால் அது சீக்கிரம் நிறையும், அடிக்கடி எரித்துச் சுத்தம் செய்யும். அந்த எரிப்புக்கு விடும் டீசலில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலில் போய்க் கலக்கும். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் அளவு குறைவதற்குப் பதில் கூடியிருக்கும். பிஎஸ் 6 வண்டிக்குப் பெட்டி மாட்டித் தர மாட்டேன் என்று பட்டறையில் எழுதியே ஒட்டியிருக்கிறேன்.

என் பெட்டி இப்போது மேசை டிராயரில் கிடக்கிறது. போன மாதம் அன்னூரிலிருந்து ஒரு தம்பி 2013 மாடல் ஸ்விஃப்டோடு வந்தார். பிக்கப் சுத்தமாக இல்லை, பெட்டி மாட்டியே ஆக வேண்டும் என்றார். மூடியைத் தூக்கினேன். ஏர் ஃபில்டரில் செம்மண். டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர் ஹோஸை விரலால் வளைத்தால், கிளாம்ப்புக்குப் பக்கத்தில் அரை அங்குலம் கிழிந்து ஆயில் வழிந்திருந்தது. டர்போ தள்ளுகிற காற்றில் பாதி வெளியே போனால் வண்டி எப்படி இழுக்கும்? ஹோஸ், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மூன்றையும் மாற்றி, புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பிவிடும் ஈஜிஆர் வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்டி அனுப்பினேன். முகம் வாடித்தான் போனார், பெட்டி கிடைக்கவில்லையே என்று.

நாலு நாள் கழித்து ஃபோன் பண்ணினார். திம்பத்து மேலே டீக்கடையில் நிற்கிறாராம். "அண்ணா, எல்லா வளைவும் ரெண்டாவதுலயே ஏறிடுச்சுங்க" என்றார். கொஞ்சம் விட்டு, "இப்ப அந்தப் பெட்டியையும் மாட்டினா எப்படி இருக்கும்ங்க?" என்றார்.

வணக்கம்.