கலண்டருக்குப் பின்பக்கம் எழுதின 11 வீடு

வணக்கம் உறவுகளே. சத்தம் வடிவாக் கேக்குதோ? நான் இண்டைக்குக் காருக்குள்ள இருந்து கதைக்கிறன். கனடாவில, ஸ்காபரோவில எங்கட வீட்டுக்குக் கிட்ட இருக்கிற பார்மசி வாசல் இது. அம்மா உள்ளுக்க கதிரையில இருக்கிறா, கண்ணாடிக்குள்ளால எனக்குத் தெரியுது. இப்பதான் ஃபுளூ ஊசி போட்டவ. போட்டாப் பிறகு 15 நிமிசம் அங்கயே இருக்கச் சொல்லுவினம், ஏதும் ஒவ்வாமை வந்தா உடன பாக்கலாம் எண்டு. நான் போன கிழமையே போட்டிட்டன். அந்த 15 நிமிசத்துக்குள்ள உங்களோட ஒரு விசயம் கதைக்கலாம் எண்டு வந்தனான்.

ஒரு தங்கச்சி மெசேஜ் போட்டிருந்தவ. "அக்கா, பறவைக் காய்ச்சல் மனுசருக்கும் வருதாம், கொவிட் மாதிரி ஒண்டு திரும்ப வந்தா வீட்டில என்ன வாங்கி வைக்கிறது?" எண்டு கேட்டிருந்தா. அரிசி, பருப்பு, பனடோல், அப்பா அம்மா போடுற பிரஷர்க் குளிசை ஒரு மாசத்துக்கு, எல்லாம் வாங்கி வையுங்கோ. அது நல்லதுதான். ஆனா எனக்கு அந்தக் கேள்வியைப் பாத்த உடன அரிசி மூட்டை ஞாபகம் வரேல்லை. 2009 தான் ஞாபகம் வந்தது.

2009 எண்டா எங்கட சனத்துக்கு வேற ஞாபகம். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லேலாது. அந்த வருசம் ஏப்ரல் கடைசியில கனடாவில முதல் பன்றிக் காய்ச்சல் உறுதியாகேக்க, எங்கட வீட்டு ரீவியில இலங்கையில, வன்னியில நடந்த யுத்தம்தான் ஓடினது. இரவு பகலா ரெலிபோன். மே 10ஆம் திகதி, யுத்தத்தை நிப்பாட்டச் சொல்லி, ஆயிரக்கணக்கில சனம் ரொறன்ரோவில கார்டினர் நெடுஞ்சாலையில ஏறி நிண்டது. பிள்ளையளை ஸ்ரோலரில வச்சுக்கொண்டு வந்த தாய்மாரை நான் என்ர கண்ணால பாத்தனான். கொஞ்ச மணித்தியாலத்துக்குள்ள ஒரு ஊரே திரண்டது. எப்பிடி? ஒரு வீடு பத்து வீட்டுக்கு அடிக்கும், அந்தப் பத்தும் நூறுக்கு அடிக்கும். அப்பிடி ஒரு சங்கிலி எங்களிட்ட இருந்தது.

மே முடிஞ்சது. ஜூன் 11ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் பன்றிக் காய்ச்சல் உலகப் பெருந்தொற்று எண்டு அறிவிச்சது. அண்டைக்கு எங்கட வீட்டில ஒருத்தரும் செய்தி பாக்கேல்லை. பாக்கிற நிலையில ஆரும் இருக்கேல்லை. ஆர் உயிரோட இருக்கினம், ஆர் முகாமில இருக்கினம் எண்டு தேடிக்கொண்டிருந்த நேரம் அது. அதை நான் ஒருத்தரிலயும் குற்றமாச் சொல்ல வரேல்லை.

பேந்து ஒக்ரோபர் வந்தது. கனடா அரசு பன்றிக் காய்ச்சல் ஊசி 5 கோடிக்கு மேல டோசுக்கு ஓடர் குடுத்திருந்தது, கியூபெக்கில சென்-ஃபுவா எண்ட இடத்தில ஜிஎஸ்கே எண்ட மருந்துக் கம்பனியின்ர தொழிற்சாலையில செய்தது. ஊசியின்ர பேர் அரெபன்ரிக்ஸ். ஒக்ரோபர் 21 அனுமதி கிடைச்சு, 26ஆம் திகதிக் கிழமையில குத்தத் தொடங்கிச்சினம். சரியா அந்த நேரம் ரொறன்ரோவில ஹொக்கி விளையாடுற 13 வயசுப் பிள்ளை ஒண்டு இந்தக் காய்ச்சலில செத்துப்போச்சுது. நோய் நொடி இல்லாத பிள்ளை. முதல்நாள் வரைக்கும் "இந்த ஊசி வேணுமோ?" எண்டு யோசிச்ச சனம் எல்லாம் அடுத்த நாள் வரிசையில நிண்டது.

நானும் நிண்டனான். என்ர மகனுக்கு அப்ப ரெண்டு வயசு. ஆறு மாசத்தில இருந்து அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையள், கர்ப்பிணிகள், 65க்குக் கீழ நீண்டகால வருத்தம் உள்ள ஆக்கள், தூரத்து ஊர்களில இருக்கிற ஆக்கள், ஆஸ்பத்திரி ஆக்கள், இவைதான் முதல். காலமை எட்டு மணிக்குப் போய், உள்ளுக்கப் போகேக்க ஒரு மணி தாண்டிட்டுது. குளிர் காத்து. மகனை ஜக்கெற்றுக்குள்ள வச்சுக்கொண்டு நிண்டன்.

ஏன் அவ்வளவு பெரிய வரிசை எண்டு எனக்குப் பிறகுதான் விளங்கினது. அந்த ஊசி ரெண்டு குப்பியில வரும். ஒண்டில மருந்து, மற்றதில பால் மாதிரி வெள்ளையா ஒரு எண்ணெய்க் கரைசல். ரெண்டையும் கலந்தா 10 பேருக்குப் போடலாம், கலந்தாப் பிறகு 24 மணித்தியாலத்துக்குள்ள முடிக்கோணும். பெட்டி வாறது 500 டோசா. ஒரு சின்ன டொக்ரர் ஒபிசில அதை வச்சுப் போடுறது லேசான வேலை இல்லை. அதால எல்லாச் சனமும் ஒரு சில மண்டபத்துக்கு வந்து குவிஞ்சது. அந்த வெள்ளைக் கரைசலைப் போட்டது எதுக்கெண்டா, அது சேர்ந்தா உடம்பின்ர எதிர்ப்புச் சக்தி கூடுதலா வேலை செய்யும், அப்ப வைரஸில இருந்து எடுத்த மருந்து நாலில ஒரு பங்கு போதும். சாதாரண ஊசியில 15 மைக்ரோகிராம், இதில 3.75. இருக்கிறதை வச்சுக் கனபேருக்குக் குடுக்கலாம். புத்தியான ஏற்பாடுதான். ஆனா அதைத் தமிழில ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை. அதால "எண்ணெய் கலந்த ஊசியாம், கர்ப்பிணிக்கு ஆகாதாம்" எண்ட அரைகுறைக் கதைதான் ஓடினது. கர்ப்பிணிகளுக்கெண்டு அந்தக் கரைசல் இல்லாத ஊசியும் தனியா எடுத்திச்சினம் எண்டது எத்தினை பேருக்குத் தெரியும்?

இப்ப நான் சொல்லப்போற விசயத்துக்காகத்தான் இந்த வீடியோவே.

எனக்கு முன்னால ஒரு அம்மா நிண்டவ. அறுபது வயசிருக்கும். சலரோகம் இருக்கு, தொய்வும் இருக்கு. அவதான் முதல் போட வேண்டிய ஆள். கந்தசஷ்டி விரதம் முடிச்ச கையோட வந்திருக்கிறா, கையில இன்னும் காப்பு நூல் கிடந்தது. உள்ளுக்க மேசையில ஒரு பிள்ளை ஃபோம் நிரப்புது. இங்கிலிஸில "முட்டை அலர்ஜி இருக்கோ?" எண்டு கேட்டது. அந்த ஊசியைக் கோழி முட்டையில வளத்துத்தான் செய்தது, அதால அப்ப அது கட்டாயம் கேக்கிற கேள்வி. அந்த அம்மாவுக்கு 'எக்' எண்ட சொல்லு மட்டும்தான் விளங்கியிருக்கு. ரெண்டு கையையும் ஆட்டி, "நோ, நோ, எக் நோ, எனக்கு முட்டை ஆகாது" எண்டா. அவ சைவம். விரதக்காரி. அதைத்தான் சொன்னவ. அந்தப் பிள்ளை ஃபோமில "ஆம், அலர்ஜி" எண்டு கோடு போட்டுட்டுது. "உங்களுக்கு இஞ்ச போடேலாது, டொக்ரரிட்டப் போங்கோ" எண்டு கதவைக் காட்டுது.

அஞ்சு மணித்தியாலம் நிண்ட மனுசி. ஒண்டும் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு திரும்புறா. எனக்கு அந்த முகம் இண்டைக்கும் அப்பிடியே கண்ணுக்குள்ள நிக்குது. அவவுக்குக் கோவமே வரேல்லை. "எங்களுக்கு இல்லையாம் பிள்ளை" எண்டு என்னைப் பாத்துச் சொன்னா. அவ்வளவுதான்.

நான் மகனையும் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் மறிச்சன். "அம்மா, முட்டை சாப்பிட்டா உங்களுக்கு உடம்பு தடிக்குமோ, மூச்சு முட்டுமோ?" எண்டு கேட்டன். "ஐயோ இல்லைப் பிள்ளை, ஊரில கல்யாணம் கட்ட முதல் சாப்பிட்டனான், ஒண்டும் செய்யேல்லை, இப்ப விட்டிட்டன்" எண்டா. நான் அவவிட்ட மறைக்கவும் இல்லை. "இந்த ஊசி முட்டையில வளத்து எடுத்ததுதான், துளி அளவு அதில இருக்கும், உங்களுக்குச் சம்மதமோ?" எண்டும் கேட்டன். கொஞ்ச நேரம் யோசிச்சா. "மருந்துக்குக் குற்றமில்லை, முருகனுக்குத் தெரியும்" எண்டா. நேர்ஸ் வந்து விசயத்தைக் கேட்டு, ஃபோமை மாத்தி, அவவுக்கு ஊசி போட்டவ.

அண்டைக்கு நான் அந்த இடத்தில நிக்காட்டி? கனடா 5 கோடி ஊசி வாங்கியும் அந்த அம்மாவுக்கு ஒரு ஊசி இல்லை. அதுதான் எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. மே மாசம் ஒரு நெடுஞ்சாலையையே நிரப்பின எங்கட சங்கிலி, ஒக்ரோபரில ஒரு கிழவிக்குப் பக்கத்தில ஒரு ஆளை விடேல்லை.

இது எங்கட கதை மட்டுமில்லை. மனிட்டோபாவின்ர வடக்கில முதற்குடி மக்களின்ர ஊர்கள் இருக்கு. சென் தெரேசா பொயின்ற் எண்ட ஊரில ஜூன் மாசமே இந்தக் காய்ச்சல் மோசமா அடிச்சு, விமானத்தில வினிபெக்குக்கு நோயாளிகளைக் கொண்டு போனவை. கனவீடுகளில குழாய்த் தண்ணியே இல்லை. "கையைக் கழுவுங்கோ" எண்டு விளம்பரம் போட்டா அவை எங்க போய்க் கழுவுறது? செப்ரெம்பரில ஹெல்த் கனடா அனுப்பின சாமானுகளுக்குள்ள பிரேதம் மூடுற பைகள் இருந்தது. உதவி கேட்டு நிண்ட சனம் பெட்டியைத் திறந்து அந்தப் பைகளைப் பாத்தா மனம் என்ன பாடுபடும்? நாடு முழுக்க அது பெரிய விசயமாகி, அரசாங்கம் வருத்தம் தெரிவிச்சது. ஆயத்தம் எண்டு சொல்லிக்கொண்டு, அந்த வீட்டில ஆர் இருக்கினம், அவைக்கு என்ன இல்லை எண்டு கேக்காமல் பெட்டி கட்டினா இப்பிடித்தான் நடக்கும்.

சரி, நான் அண்டைக்கு வீட்டுக்கு வந்து என்ன செய்தன் எண்டு சொல்லுறன். நாங்கள் அப்ப 14 மாடிக் கட்டிடத்தில இருந்தனாங்கள். கோயில் மாதக் கலண்டரில ஒக்ரோபர்த் தாளைக் கிழிச்சு, பின்பக்கத்தில எங்கட கட்டிடத்துத் தமிழ் வீடுகளை எழுதினன். எனக்குத் தெரிஞ்சது 11 வீடு. ஆர் கர்ப்பிணி, ஆருக்குச் சின்னப் பிள்ளை, ஆருக்குத் தொய்வு, ஆருக்கு இங்கிலிஸ் கஷ்டம், ஆரிட்டக் கார் இருக்கு. பக்கத்து வீட்டு அன்ரியும் அவவின்ர மகளுமா என்னோட வந்தவை. கதவு கதவாத் தட்டினம். ஆறாம் மாடியில ஒரு பிள்ளை ஏழு மாசக் கர்ப்பிணி, கணவன் இரவு வேலை. அவளுக்கு ஊசி வந்ததே தெரியாது. அடுத்த கிழமை தொழிற்சாலையில இருந்து வாற ஊசி குறைஞ்சு போச்சுது, வரிசையில கனபேரைத் திருப்பி அனுப்பிச்சினம். அதுக்குள்ள அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டாச்சு. அவளுக்குப் பிறந்த மகனுக்கு இப்ப 15 வயசு தாண்டிட்டுது.

கலண்டர்த் தாள் இன்னும் என்னட்ட இருக்கு. இந்தா பாருங்கோ. மடிச்ச இடம் கிழிஞ்சு, ஒட்டி வச்சிருக்கிறன். 2021இல ஸ்காபரோவில கொவிட் கூடின இடங்களைத் தபால் குறியீடு பாத்துப் பிரிச்சு ஊசி போட்ட நேரம், இதைப் பாத்துத்தான் திரும்ப எழுதத் தொடங்கினன்.

ஊசி பாதுகாப்போ எண்டு கேக்கிற ஆக்களுக்கும் நேர்மையாச் சொல்லுறன். ஐரோப்பாவில 2009இல போட்ட பண்டெம்ரிக்ஸ் எண்ட ஊசிக்குப் பிறகு பின்லாந்து, சுவீடனில சில பிள்ளையளுக்கு அடக்கேலாத நித்திரை வருத்தம் வந்தது, அதை மறைக்கக் கூடாது. அது அரிது, ஆனா நடந்தது. இண்டைக்கு அம்மாவுக்குப் போட்டது அந்த ஊசி இல்லை. இஞ்சால பக்கம், கனடாவில அந்தக் காய்ச்சலில 428 பேர் செத்தவை. இலையுதிர்கால அலை உச்சத்துக்கு வாற நேரம்தான் ஊசியும் வந்தது, 12 வயசுக்கு மேல உள்ள சனத்தில கிட்டத்தட்ட 41 விழுக்காடுதான் போட்டது. ரெண்டு கிழமை முந்தியிருந்தா எண்டு நான் இப்பவும் நினைக்கிறனான்.

அந்தப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் ஓடிப்போகேல்லை. எச்1என்1 எண்டு ஒவ்வொரு வருசமும் வருது, அதுக்கும் சேத்துத்தான் இந்த ஃபுளூ ஊசி. ஒன்ராறியோவில 2000ஆம் ஆண்டில இருந்து எல்லாருக்கும் இலவசம், 2012இல இருந்து பார்மசியிலயே போடுவினம். காசு இல்லை, வரிசை இல்லை. மற்றது, தொய்வு, சலரோகம், கர்ப்பம், சின்னப் பிள்ளை, வயசான ஆக்கள், இவைக்கு ஃபுளூ மாதிரிக் காய்ச்சல் அடிச்சா ஒரு நாளும் "நாளைக்குப் பாப்பம்" எண்டு விடாதேங்கோ. ஃபுளூ வைரஸை அடக்கிற ரமிஃபுளு குளிசை, வருத்தம் தொடங்கின முதல் 48 மணித்தியாலத்துக்குள்ள எடுத்தாத்தான் நல்லா வேலை செய்யும்.

பறவைக் காய்ச்சல்: 2024 நவம்பரில பிரிட்டிஷ் கொலம்பியாவில ஒரு பதின்ம வயசுப் பிள்ளைக்கு எச்5என்1 வந்து, கடும் வருத்தமாகி, கடைசியில தப்பினது. ஆளுக்கு ஆள் தொடர்ந்து பரவுற மாதிரி அது மாறேல்லை. அரசு 2025 பெப்ரவரியில அதுக்கு 5 இலட்சம் டோஸ் வாங்கினது. அதின்ர பேரும் அரெபன்ரிக்ஸ்தான், அதே பேர். கேட்ட உடன எனக்கு அந்த மண்டபமும் அந்த அம்மாவும்தான் வந்தது.

தங்கச்சி, அதால நீங்கள் அரிசி வாங்கப் போகேக்க ஒரு கொப்பியும் வாங்குங்கோ. உங்கட மாடியில, உங்கட ஒழுங்கையில ஆர் ஆர் இருக்கினம் எண்டு எழுதுங்கோ. அவையிட்டக் கேட்டு, அவை சம்மதிச்சதை மட்டும் எழுதுங்கோ, வருத்த விவரம் ஆருக்கும் காட்டக் கூடாது. தமிழ் வீடு மட்டும் வேண்டாம். எங்கட 11 வீட்டுப் பட்டியலில அப்ப பக்கத்து ஃபிலிப்பினோக் குடும்பத்தை நான் எழுதேல்லை, அது பிழை. பிறகு எழுதினன். ஊசி வரேக்க ஆர் கூட்டிக்கொண்டு போறது, ஃபோமை ஆர் வாசிச்சுச் சொல்லுறது எண்டதும் அந்தக் கொப்பியில இருக்கோணும்.

அம்மா எழும்பிட்டா, கை காட்டுறா. இவவை வீட்டில விட்டிட்டு நான் பழைய கட்டிடத்துக்குப் போகோணும். மூண்டாம் மாடி அன்ரிக்கு இன்னும் ஊசி போடேல்லை, நாலு மணிக்கு வாறன் எண்டு சொன்னனான். அவவின்ர சுகாதார அட்டை காலாவதியாகிட்டுதாம், அதையும் ஒருக்காப் பாக்கோணும். சரி உறவுகளே, வாறன்.