ஏசி அறையில் விரல்கள் வெளுத்துப்போவது ஏன்?

அடுத்த கேள்வியை ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். வயது 27. "அலுவலகத்தில் ஏசிக்கு நேர் கீழே எனக்கு இடம். சிறிது நேரத்திலேயே இரண்டு மூன்று விரல்கள் வெள்ளைவெளேரென்று ஆகி மரத்துவிடுகின்றன. பிறகு நீலமாகி, கடைசியில் சிவந்து எரிகின்றன. உடம்பில் ரத்தம் இல்லை, பேரீச்சம்பழம் சாப்பிடு என்கிறார்கள் வீட்டில். என்ன செய்வது டாக்டர்?"

பேரீச்சம்பழத்தைச் சற்று ஓரமாக வையுங்கள் அம்மா. ரத்தசோகை இருந்தாலும், தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் குளிர் தாங்காதுதான். ஆனால் அவற்றில் பெரும்பாலும் உடம்பு முழுவதும் குளிரும். கூடவே அசதியும் இருக்கும். அதற்கான ரத்தப் பரிசோதனைகளைச் செய்து பார்த்துவிடுங்கள், தவறில்லை. நீங்கள் சொல்கிற வெள்ளை, நீலம், சிவப்பு என்ற வரிசை வேறு கதை. பிரெஞ்சு மருத்துவர் மாரிஸ் ரேனோ 1862-இல் இதை விவரித்து எழுதினார். அவர் பெயரிலேயே இதை ரேனோ நோய் என்று அழைக்கிறோம்.

குளிர் பட்டால் உடம்பு தன் சூட்டைக் காப்பாற்றத் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்ளும். எல்லோருக்கும் நடப்பதுதான். உங்களுக்கு விரல் தமனிகள் அளவுக்கு மீறி இறுகிக்கொள்கின்றன. ரத்தம் நின்றால் விரல் வெளுக்கிறது. இருக்கிற ரத்தத்தில் ஆக்சிஜன் தீர்ந்தால் நீலம். குழாய் திறந்து ரத்தம் பாயும்போது சிவப்பும் எரிச்சலும். இளம் பெண்களுக்கு இது அதிகம் வரும். பெரும்பாலும் ஆபத்தில்லை.

கையுறை மட்டும் போட்டால் போதாது. நெஞ்சும் வயிறும் குளிர்ந்தாலே விரல் குழாய்கள் இறுகிவிடும். ஆகவே முதலில் ஸ்வெட்டர், பிறகுதான் கையுறை. சென்னை வெயிலில் ஸ்வெட்டரோடு வந்தால் சிரிப்பார்களே என்று கூச்சப்படாதீர்கள். சிரிப்பவர்கள் ஏசிக்குக் கீழே உட்காரவில்லை. முடிந்தால் இடத்தையும் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஃப்ரீசரில் கைவிடும்போது துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். விரல் வெளுத்துவிட்டால் கொதிக்கிற தண்ணீரில் முக்காதீர்கள். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வெதுவெதுப்பான நீர் போதும். தண்ணீர் இல்லையா, கைகளை அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மாத்திரைகள். ஒற்றைத் தலைவலிக்கு ப்ரோப்ரனலால் சாப்பிடுகிறீர்களா? மூக்கடைப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கும். இரண்டுமே இதை மோசமாக்கலாம். ப்ரோப்ரனலாலை நீங்களாக நிறுத்த வேண்டாம்; எழுதிக் கொடுத்த டாக்டரிடம் விரல் விஷயத்தைச் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது. சிகரெட் கூடவே கூடாது. இதை வீட்டில் உள்ள ஆண்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

இதே தொல்லை நாற்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கினால், ஒரு கையில் மட்டும் வந்தால், விரல் நுனியில் ஆறாத புண் இருந்தால், தோல் தடித்து இறுகினால், மூட்டுவலியும் சேர்ந்தால் காத்திருக்க வேண்டாம். ஸ்க்லீரோடெர்மா, லூபஸ் போன்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்களின் முதல் அடையாளமாக இது இருக்கக்கூடும். வாதநோய் நிபுணரைப் பாருங்கள். அவர் நகம் தொடங்கும் இடத்துத் தோலில் உள்ள நுண் ரத்தக் குழாய்களை லென்ஸ் வைத்துப் பார்ப்பார், ஏஎன்ஏ என்ற ரத்தப் பரிசோதனையும் எழுதுவார். தேவைப்பட்டால் நிஃபெடிபின் போன்ற குழாயைத் தளர்த்தும் மாத்திரை தருவார். அடுத்த முறை விரல் வெளுக்கும்போது கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். டாக்டரின் அறைக்குள் போகும் நேரத்தில் விரல் பெரும்பாலும் பழைய நிறத்துக்கு வந்திருக்கும்.