‘சாக்கு’ சொன்ன பிள்ளை

நடுவர் அவர்களே, இந்த அல்சூர் மழையிலும் குடை பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

‘பெங்களூரில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டுத் தமிழ் படிப்பில் சுமையா, துணையா?’ இதுதான் தலைப்பு. துணை என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா, “பள்ளியில் இங்கிலீஷ், கன்னடம், இந்தி. வீட்டுக்கு வந்தால் தமிழ் வேறா? பாவம், பச்சை மண்ணு!” என்று உருகினார். கவனித்தீர்களா, உருகுவதற்கு அவருக்கே தமிழ்தான் வேண்டியிருந்தது.

அவர் சொன்னதை எங்கள் வீட்டில் செய்தே பார்த்தோம், ஐயா. மகள் யுகேஜி படிக்கும்போது டீச்சர் கூப்பிட்டு, “வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்கள்” என்றார். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள், இன்னும் அங்கேதான் ஃபீஸ் கட்டுகிறேன். எட்டு மாதம் பேசினோம். என்ன பேசினோம்? “கம்”, “ஈட்”, “டோன்ட் டச்”, “கோ ஸ்லீப்”. ராத்திரிக் கதை நின்றுபோனது. காக்காவும் நரியும் என் இங்கிலீஷில் இரண்டே வரியில் வடையைத் தின்றுவிட்டுப் போய்விடும். திருச்சியிலிருந்து வந்திருந்த அப்பாயி அடுப்படியோடு ஒதுங்கிவிட்டார். கடைசியில் டீச்சர் மறுபடியும் கூப்பிட்டார்: “குழந்தை வாயே திறப்பதில்லை.”

எப்படித் திறக்கும்? நடந்ததைக் கோவையாகச் சொல்ல, ‘ஏன்’ என்று குடைய, ‘அப்படின்னா?’ என்று மடக்க, பிள்ளை முதலில் வீட்டில்தான் பழகுகிறது. ஒரு மொழியில் பழகியதை அடுத்த மொழிக்கும் கொண்டுபோகும். இரண்டு மொழி பிள்ளையின் மூளையைக் குழப்பும் என்று ஒரு காலத்தில் ஆராய்ச்சியாளர்களே நம்பினார்கள். 1962-இல் கனடாவின் மான்ட்ரியலில் பீல், லாம்பர்ட் என்ற இருவர் 10 வயதுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். பிரெஞ்சும் இங்கிலீஷும் நன்றாகத் தெரிந்தவர்கள், ஒரே மொழி தெரிந்தவர்களை அறிவுத்திறன் சோதனைகளில் முந்தினார்கள். சரி, கனடா தூரம். நம்ம ஊருக்கு வருகிறேன்.

2015-இன் கன்னட மொழி கற்றல் சட்டப்படி இங்கே பள்ளிகளில் கன்னடம் கட்டாயம். எதிரணி இதைத்தான் மலை போலக் காட்டினார்கள். என் மகள் அந்த மலையில் எப்படி ஏறினாள் தெரியுமா? இரண்டாம் வகுப்பில் ஒருநாள் ஓடி வந்தாள். “அப்பா, பால் ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு, பத்து ஹத்து! நம்ம ‘ப’வை அவங்க ‘ஹ’ன்னு சொல்றாங்க!” பழைய கன்னடத்திலும் இவை ‘ப’வில்தான் தொடங்கின, பிறகு ‘ஹ’ ஆயின. அறிஞர்கள் எழுதிவைத்ததை அவள் டிபன் பாக்ஸைக் கழுவப் போடுவதற்குள் கண்டுபிடித்துவிட்டாள். அப்புறம் பஸ்ஸில் போர்டு பார்த்து, “மாரத்தஹள்ளியில் இருக்கிற ஹள்ளியும் அப்பாயி ஊர்ப் பள்ளியும் ஒண்ணா?” என்றாள். ஆமாம், திருச்சிராப்பள்ளியின் பள்ளிதான். வீட்டில் பால் என்றே கேட்காமல் ‘மில்க்’ என்று வளர்ந்த பிள்ளைக்கு ‘ஹாலு’ புதுச்சொல், மனப்பாடம்தான் செய்ய வேண்டும். சுமை யாருக்கு, நடுவர் அவர்களே?

இங்கிலீஷ் மீடியமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொடக்கப் பள்ளியில் தாய்மொழி வழியை அரசு கட்டாயமாக்க முடியாது என்று, கர்நாடக வழக்கில்தான், 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சேருங்கள், நானும் சேர்த்திருக்கிறேன். சாப்பாட்டுத் தட்டுக்கு எந்தக் கோர்ட்டும் மீடியம் சொல்லவில்லை!

பேச்சு மட்டும் போதுமா, எழுத்து வேண்டாமா என்றார்கள். நியாயமான கேள்வி. என் மகள் இன்னும் ‘ர’வையும் ‘ற’வையும் மாற்றித்தான் எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமை பாடம் சொல்லித்தர உட்கார்ந்து தூங்கிவிடுவது நான். குறை என்னுடையது, தமிழுடையதல்ல.

போன மாதம் அப்பாயி தோசை மேல் தோசையாகப் போட்டார். மகள் கன்னட நினைப்பில், “அப்பாயி, சாக்கு!” என்றாள். கன்னடத்தில் அதற்குப் ‘போதும்’ என்று பொருள். அப்பாயி கரண்டியை வைத்துவிட்டுப் பரணில் அரிசிச் சாக்கைத் தேடப் போனார். சிரித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. இப்போது தோசை போதும் என்றால் அப்பாயியே ‘சாக்கு’ என்கிறார், 74 வயதில்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். சரி ஐயா, சாக்கு!