வாயத் தொறந்தா எந்தப் பக்கம்னு தெரிஞ்சிடும்

வணக்கம் நேயர்களே. இந்த உரைக்கு என்னைக் கூப்டப்போ "அரசியல் வேணாம் சார், மொழியைப் பத்திப் பேசுங்க"ன்னாங்க. ரெண்டையும் எங்க வெட்டிப் பிரிக்கிறதுன்னு எனக்குப் பிடிபடல, அதனால அரசியல் பேசுற மொழியைப் பத்தியே பேசிடறேன், கோச்சுக்காதீங்க.

வட அயர்லாந்துல ஒரு ஊர் இருக்கு. அதோட பேரைச் சொல்றதுக்கு முன்னாடி நீங்க யாருன்னு முடிவு பண்ணிக்கணும். டெரின்னு சொன்னா பெரும்பாலும் அயர்லாந்தோட சேரணும்னு நினைக்கிற ஐரிஷ் தேசியவாதி, கத்தோலிக்கர். லண்டன்டெரின்னு சொன்னா பிரிட்டனோடயே இருக்கணும்னு நினைக்கிற புராட்டஸ்டன்ட். 1613ல ராஜா கொடுத்த சாசனத்துல முன்னாடி 'லண்டன்' வந்து ஒட்டிக்கிச்சு, 1984ல நகரசபை தன்னோட பேர்ல இருந்து மட்டும் அதைக் கழட்டிப் போட்டுச்சு, ஆனா சட்டப்படி ஊருக்குப் பேரு இன்னமும் லண்டன்டெரிதான்னு 2007ல கோர்ட் சொல்லிடுச்சு. ரோட்டோர போர்டுகள்ல 'லண்டன்'ங்கற பாகத்தை மட்டும் யாராவது பெயின்ட் அடிச்சு மறைச்சிருப்பாங்க. அட, 1998ல சண்டை போதும்னு ஒப்பந்தம் போட்டாங்களே, அதையே ஒரு சாரார் புனித வெள்ளி ஒப்பந்தம்ங்கறாங்க, இன்னொரு சாரார் பெல்ஃபாஸ்ட் ஒப்பந்தம்ங்கறாங்க.

இங்க பிளவு முதல்ல வந்துச்சு, வார்த்தை அதுக்கு அடையாள அட்டையா ஆயிடுச்சு. ஆனா வார்த்தையை முதல்ல தயார் பண்ணி அப்புறம் பிளவை வளர்க்கறதும் உண்டு. அமெரிக்காவுல 1990ல ரிபப்ளிகன் கட்சிக்காரங்களுக்கு ஒரு சுற்றறிக்கை போச்சு, அந்தக் கட்சித் தலைவர்கள்ல ஒருத்தரான நியூட் கிங்ரிச் நடத்திட்டிருந்த ஜியோபாக் அமைப்புல இருந்து. அதுல ரெண்டு பட்டியல். நம்மளைப் பத்திப் பேசும்போது சுதந்திரம், வாய்ப்பு, குடும்பம் இப்படிச் சொல்லு, எதிராளியைப் பத்திப் பேசும்போது சீக்கு, ஊழல், துரோகி இப்படிச் சொல்லுன்னு. கொள்கை என்னவா வேணா இருக்கட்டும், வார்த்தை இதுதான். அதுல 'துரோகி'தான் எனக்கு உறுத்துது. ஒருத்தர் தப்பா யோசிக்கிறார்னா உக்காந்து பேசலாம், துரோகி கூட என்ன பேசுறது? அந்த ஒரு வார்த்தையோட பேச்சுவார்த்தைக்கே கதவைச் சாத்தியாச்சு. இன்னொண்ணு, பெரிய பெரிய சொத்துக்காரங்க செத்தா வாரிசுக்குப் போற சொத்துல அங்க ஒரு வரி உண்டு, சாதாரண ஆளுங்களைத் தொடவே தொடாது, அதுக்கு 'மரண வரி'ன்னு பேர் வச்சாங்க, உடனே சாகப்போற எல்லாருக்கும், அதாவது நம்ம எல்லாருக்கும், அது தன் மேல விழப்போற வரி மாதிரி ஆயிடுச்சு.

அதனால யாராவது அரசியல் பேசுனா நான் ஒண்ணு மட்டும் பார்ப்பேன். இவர் எதிர்ப்பக்கத்துக்கு வச்ச பேரை அந்தப் பக்கத்து ஆளு தனக்குத்தானே சொல்லிக்குவாரா? மாட்டார்னா அங்க வாதம் நடக்கல, வேற என்னமோ நடக்குது.

சில இடத்துல மொழியோட பேரே பக்கம் பிரிஞ்சுக்குது. போஸ்னியாவுல சிகரெட் பாக்கெட்டுல 'புகைப்பது கொல்லும்'ங்கற எச்சரிக்கையை போஸ்னியன், குரோயேஷியன், செர்பியன்னு மூணு மொழியில போடுறாங்க. மூணுலயும் அதே வார்த்தைங்க, செர்பியன் மட்டும் ரஷ்ய மொழிக்கும் புழங்கற சிரிலிக் எழுத்துல. போஸ்னியாவும் சேர்ந்திருந்த யுகோஸ்லாவியா உடையறதுக்கு முன்னாடி அதுக்கு ஒரே மொழின்னுதான் பேரு.

இது சிரிச்சிட்டுப் போற விஷயம். ருவாண்டா அப்படி இல்ல, அதுவும் ரேடியோ மைக் முன்னாடி உக்காந்துகிட்டு அதைச் சொல்றது எனக்கே ஒரு மாதிரி இருக்கு. ஆப்பிரிக்காவுல இருக்கற அந்த நாட்டுல ஹுட்டு பெரும்பான்மை, துட்சி சிறுபான்மை. 1993 ஜூலையில ஹுட்டு தீவிரவாதிங்க ஆர்டிஎல்எம்னு ஒரு ரேடியோ ஸ்டேஷன் ஆரம்பிச்சாங்க. அரசாங்க ரேடியோ விறைப்பா பேசிட்டிருந்த காலத்துல இவங்க நல்ல பாட்டு, ஜோக்கு, தெருவுல பேசுற பேச்சுன்னு கலகலன்னு நடத்துனாங்க, இளைஞர்கள் மொய்ச்சுட்டாங்க. அந்தக் கலகலப்புக்கு நடுவுலதான் துட்சி மக்களை 'இன்யென்சி', அதாவது கரப்பான்பூச்சின்னு சொன்னாங்க. அந்த வார்த்தை புதுசு இல்ல, 1960கள்ல எல்லை தாண்டி வந்து தாக்குன துட்சி ஆயுதக் குழுவுக்கு இருந்த பேரு. துப்பாக்கி வச்சிருந்தவனுக்கு இருந்த பேரை பக்கத்து வீட்டு டீச்சருக்கும் குழந்தைக்கும் நீட்டுனதுதான் இவங்க செஞ்ச வேலை.

வேலைன்னு சொன்னேன் பாருங்க. 1994ல சுமார் நூறு நாள்ல கிட்டத்தட்ட 8 லட்சம் பேரைக் கொன்னாங்களே, அப்போ கொல்றதுக்கு அங்க புழங்குன சொல்லே 'வேலை'தான். வேலைக்குப் போங்க, வேலையை முடிங்க. கரப்பான்பூச்சியைக் கேட்டா யாருக்கும் இது வசவுன்னு புரியும், ஆனா வேலைங்கறதுல எதைப் போய்த் தப்புன்னு பிடிப்பீங்க? எனக்கு அதுதான் பயம். ரோட்டுல மறிச்சுப் பாக்கறதுக்கு நிஜமான அடையாள அட்டையே கையில இருந்துச்சு, பெல்ஜியம் ஆண்ட 1930கள்ல ஆரம்பிச்ச பழக்கம், ஆளு ஹுட்டுவா துட்சியான்னு அதுலயே எழுதியிருக்கும். ஸ்டேஷனை ஆரம்பிச்சவங்கள்ல ரெண்டு பேருக்கு 2003ல ஐ.நா. தீர்ப்பாயம் தண்டனை கொடுத்துச்சு. அட்டையில இருந்த அந்த வரியும் அப்புறம் எடுத்தாச்சு. இப்போ அங்க எல்லாரும் ருவாண்டர்தான், இனம் சொல்லிப் பிரிச்சுப் பேசுனா சட்டம் பாயும். அந்தச் சட்டம் ரொம்பத் தெளிவில்லாம இருக்கு, அரசாங்கத்தைக் குறை சொல்றவங்க மேலயும் பாயுதுன்னு மனித உரிமைக்காரங்க சொல்றாங்க. ஆகாத வார்த்தையைத் தடை பண்ணா அந்தத் தடையும் ஒரு அரசியல் வார்த்தையா மாறிக்குது.

டெரிக்கே திரும்பி வர்றேன், அங்கயும் ஒரு ரேடியோக்காரர் இருந்தார். ஜெர்ரி ஆண்டர்சன். தினமும் மைக்ல ஊர் பேரைச் சொல்லியாகணும், எதைச் சொன்னாலும் பாதி ஊர் முறைக்கும். ரெண்டு பேரையும் சேர்த்து எழுதும்போது நடுவுல ஒரு சாய்கோடு போடுவாங்க இல்ல, அதை இங்கிலீஷ்ல ஸ்ட்ரோக்னு சொல்வாங்க. இவர் ரெண்டு பேரையும் விட்டுட்டு அந்தக் கோட்டை மட்டும் எடுத்து 'ஸ்ட்ரோக் சிட்டி'ன்னு சொல்ல ஆரம்பிச்சார். ரெண்டு பக்கமும் சிரிச்சுச்சு, பேரும் நின்னுடுச்சு.