பக்கத்தில் இருக்கும் பணம்

(வியாசர்பாடியில் உள்ளூர்த் தொண்டு அமைப்புகளின் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். புழுக்கம் தாங்கவில்லை, மேலே ஓடுவது இரண்டே மின்விசிறி. அதனால் வரவேற்பு, வாழ்த்து எல்லாவற்றையும் தாண்டி விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

"ஃபண்ட் எங்கே சார் கிடைக்கும்?" என்று கேட்பவர்களின் கண் பெரும்பாலும் டெல்லி, மும்பை, அமெரிக்கா பக்கமே போகிறது. வெளிநாட்டுப் பணத்தை வாங்க எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு வேண்டும். அதற்கு அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாயாவது பணிக்குச் செலவழித்திருக்க வேண்டும். பதிவு கிடைத்தாலும், பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரு குறிப்பிட்ட கிளையில்தான் வந்து இறங்கும். சாயங்கால டியூஷன் சென்டர் நடத்துகிற நாலு பேருக்கு இது வேண்டாத வேலை. சின்ன அமைப்புக்கு முதல் பணம் பக்கத்திலிருந்துதான் வரும், அங்கேதான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகள் சமூகப் பொறுப்பாகச் செலவிடுகிற பணம் பற்றி எல்லோருக்கும் தெரியும். 2013 கம்பெனிச் சட்டம், 135-வது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதே பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது, அதைப் பலர் படிப்பதில்லை. கம்பெனி தான் இயங்குகிற பகுதிக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்கிறது அது. நமக்கு வடக்கே மணலியில் சென்னை பெட்ரோலியம் இருக்கிறது. எண்ணூரில் துறைமுகம், அனல் மின் நிலையம், லாரி தொழிற்சாலை. மேற்கே அம்பத்தூர் தொழிற்பேட்டை. அந்தப் புகையைச் சுவாசிப்பதும் அந்த லாரிகளுக்கு நடுவே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் நாம்தான். விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே "உங்கள் ஆலையிலிருந்து இத்தனை கிலோமீட்டரில் இருக்கிறோம்" என்று எழுதுங்கள்.

ஆனால் வாசலில் காவல் உண்டு. 12ஏ (அமைப்புக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை) என்று நாம் சொல்லிப் பழகிய வருமான வரிப் பதிவுகள் வேண்டும், அதே மாதிரிப் பணியில் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு எண் வாங்கியிருக்க வேண்டும். ஆடிட்டர் போன்ற தகுதியுள்ள ஒருவரின் கையெழுத்து இல்லாமல் அந்தப் படிவம் நகராது. இந்தப் பதிவுகள் இல்லாதவர்கள் சோர வேண்டாம். குடியிருப்போர் சங்கங்களுக்கு "நமக்கு நாமே" திட்டம் இருக்கிறது. 1997-ல் வந்தது, 2021-ல் மறுபடி உயிர் பெற்றது. பூங்கா, பள்ளிக் கட்டடம் போன்ற வேலைக்குப் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். இந்த ஆண்டு ஒதுக்கீடு எப்படி என்று மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். அரசுப் பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்களுக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" என்ற அரசுத் திட்டம் இருக்கிறது.

இப்போது காகிதம். பச்சையப்பர் அறக்கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளல் பச்சையப்பர் 1794-ல் உயிலெழுதிவிட்டுக் காலமானார். சொத்து கோர்ட்டு, வழக்கு என்று இழுபட்டு, அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் திறந்தது 1842-ல். கொடுக்க மனசும் இருந்தது, பணமும் இருந்தது, ஏறக்குறைய அரை நூற்றாண்டு போனது. நம்முடைய தகராறு அவ்வளவு பெரியதில்லை. நம்முடையது கட்டைப்பை தகராறு. ஆடிட் நேரத்தில் ஒரு கட்டைப்பையைத் தலைகீழாகக் கொட்டுகிறோம், பாதி பில்லில் எழுத்தே இல்லை. மெஷினில் அடித்துத் தருகிற அந்த வழவழப்பான பில் சில மாதத்தில் வெளுத்துவிடும். வாங்கின அன்றே ஜெராக்ஸ் எடுத்து வவுச்சரோடு பின் அடித்துவிடுங்கள். பெஞ்சு செய்த ஆசாரிக்கு 18,000 ரூபாயை ஒரே நாளில் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக் கணக்கில் அது அறப்பணிச் செலவாக ஏறாது, ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்தான் வரம்பு. அதேபோல் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்க நன்கொடை வாங்கினால் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை கிடையாது. வங்கி வழியாகவே வாங்குங்கள், கொடுங்கள்.

அப்புறம் பட்ஜெட். இங்கேதான் நம்மவர்கள் தங்களுக்கே துரோகம் செய்துகொள்கிறார்கள். நாற்பது பிள்ளைகள் வருகிற டியூஷன் சென்டர் என்று வைத்துக்கொள்வோம். நோட்டு, பேனா, பை, டேப்லெட் எல்லாம் கச்சிதமாக எழுதியிருக்கும். வாடகை இருக்காது. கரண்ட் பில் இருக்காது. தினமும் வந்து சொல்லிக்கொடுக்கிற அக்காவுக்குச் சம்பளம் இருக்காது, "சேவை மனப்பான்மை" என்று ஒரு வரி இருக்கும். கேட்டால், "சம்பளம் போட்டால் தரமாட்டார்கள் சார்" என்பார்கள். சில கம்பெனிகள் தரமாட்டார்கள்தான், அவர்களுக்குப் பெயர் ஒட்டிய பைதான் பிடிக்கும். ஆனால் அந்த அக்கா அடுத்த ஜூனில் வேறு வேலைக்குப் போனால் நாற்பது பையும் பரணில் கிடக்கும். சம்பளத்தைப் போடுங்கள், அது ஏன் வேண்டும் என்று இரண்டு வரி எழுதுங்கள். மறுத்தால் அடுத்த கம்பெனி.

ஜனவரி, பிப்ரவரியில் சிலருக்குக் கம்பெனிகளிடமிருந்து திடீரென்று போன் வரும். "மார்ச் 31-க்குள் செலவழிக்க முடியுமா?" பல ஆண்டுத் திட்டம் இல்லையென்றால், செலவாகாத சிஎஸ்ஆர் பணத்தைச் செப்டம்பருக்குள் பிரதமர் நிவாரண நிதி போன்ற அரசு நிதிகளில் கட்ட வேண்டிய கட்டாயம் கம்பெனிக்கு, அந்த அவசரத்தில்தான் நம் நினைவு வருகிறது. முடியும் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், முடியாது என்றால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். "பத்து லட்சத்துக்கு செக், ஆறு லட்சம் ரொக்கமாகத் திருப்பித் தா" என்று வருபவனிடம் பேச்சையே வளர்க்காதீர்கள். ஃபைல் சார்ஜ் கட்டினால் வெளிநாட்டு ஃபண்ட் வாங்கித் தருகிறேன் என்பவனும் அதே ரகம். அவர்கள் போய்விடுவார்கள், நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.

முன்வரிசையில் ஓர் அம்மா கேட்டார்: "எங்கள் குழுவுக்குப் பதிவே இல்லை, நாங்கள் என்ன செய்வது?" ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் சங்கமாகப் பதியலாம்மா. அதுவரை, பதிவுள்ள பழைய அமைப்பு ஒன்றோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வேலை செய்யலாம், அவர்களுக்கு வருவது வெளிநாட்டுப் பணமாக இல்லாத வரை. எஃப்சிஆர்ஏ சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அதை அவர்கள் உங்களுக்குக் கைமாற்ற முடியாது. தெருவில் மருந்துக்கடைக்காரர், மெஸ் நடத்துகிறவர் கொடுக்கிற ஐந்நூறுக்கும் ரசீது போடுங்கள். மூன்று ஆண்டு கழித்து உங்கள் அனுபவத்துக்கு அதுதான் சாட்சி.

பின்னால் மேஜையில் ஆடிட்டர் தம்பி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பதிவுப் பத்திரம், பான் அட்டை, கடைசி மூன்று ஆண்டு ஆடிட் கணக்கு, எது கையில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு அவரிடம் வரிசையாகப் போங்கள். எட்டு மணிக்கு ஹாலைப் பூட்டிவிடுவார்கள்.