அம்மா டாக்டரிடம் கேட்ட மூன்று கேள்வி

வணக்கம் மக்களே. இன்று சமையல் இல்லை. மூன்று நாளாக இந்தச் சந்தோஷத்தை மனதிலேயே வைத்திருக்கிறேன், சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் கொலஸ்ட்ரால் கூடுதல் என்று வந்த ரிப்போர்ட் பற்றிப் போன மாதம் புலம்பினேனே, ஞாபகம் இருக்கிறதா? டாக்டர் மாத்திரை எழுதினார், அம்மா தலையாட்டினார், வீட்டுக்கு வந்ததும் அதைப் பிரிக்காமல் சாமி அலமாரியில் வைத்துவிட்டார். குடும்ப வாட்சாப்பில் "சிறுநீரகம் போய்விடும்" என்று ஒரு செய்தி வந்ததாம். யார் எழுதியது, எந்த ஆய்வு, ஒன்றும் கிடையாது. இப்படிப்பட்ட செய்திகளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தத் தடவை மூன்று கேள்வி எழுதிய ஒரு தாளோடு டாக்டரிடம் போனோம். எனக்கு என்னென்ன வழிகள் உண்டு? ஒவ்வொன்றிலும் நன்மை என்ன, தீமை என்ன? அவை எனக்கு நடக்க எவ்வளவு வாய்ப்பு? சிட்னி ஆய்வாளர்கள் நோயாளியாக நடிப்பவர்களை டாக்டர்களிடம் அனுப்பி இந்த மூன்று கேள்வியையும் கேட்க வைத்துச் சோதித்து, 2011-இல் வெளியிட்டார்கள். கேட்டவர்களுக்கு டாக்டர்கள் கூடுதல் விவரம் சொன்னார்கள்.

    

ஆ, சொல்ல மறந்துவிட்டேன், போவதற்கு முன் இந்த மாத்திரை பற்றிக் காக்ரேன் தளத்தில் படித்தோம். 1993 முதல் ஆய்வுகளைச் சலித்துத் தொகுக்கும் அமைப்பு, மருந்து நிறுவனப் பணம் வாங்காது. சில சுருக்கங்கள் தமிழிலும் உண்டு.

டாக்டர் ஒரு தாளில் 100 புள்ளி வைத்தார். "உங்களைப் போன்ற 100 பேரில், பத்து வருடத்தில் சுமார் 10 பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரலாம். மாத்திரை போட்டால் 7 பேர்." மூன்று புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டார். 90 பேருக்கு எப்படியும் வராது, 7 பேருக்கு மாத்திரை போட்டும் வரும். "30 சதவீதம் குறையும்" என்று முன்பு சொன்னதும் இதே கணக்குதான், ஆனால் அது அம்மாவுக்குப் புரியவே இல்லை. புள்ளிகளை அவர் விரல் வைத்து எண்ணினார்.

அப்புறம் டாக்டர் கேட்டார்: "ஆன்ட்டி, உங்களுக்கு எது முக்கியம்?" தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறணும், மாத்திரையால் தசைவலி வந்தால் முடியாதே என்றார் அம்மா. இத்தனை நாள் என்னிடம்கூடச் சொல்லவில்லை! குறைந்த அளவில் தொடங்கலாம், வலி வந்தால் நீங்களாக மாத்திரையை நிறுத்தாமல் வந்து சொல்லுங்கள், மூன்று மாதத்தில் ரத்தப் பரிசோதனை என்று இருவருமாகப் பேசி முடித்தார்கள்.

மூன்று கேள்வியும் மேலேயே இருக்கின்றன, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் வந்ததும் அம்மாவையே பேச வைக்கிறேன்.