கெணத்து மேட்டுக் கல்லும் வெடிச்ச நட்சத்திரமும்

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க அப்புச்சிக்குக் காங்கேயம் பக்கம் தோட்டமுங்க. நான் சின்னப் பையனா இருக்கறப்போ கெணறு ஆழப்படுத்துனாங்க, பாறைல குழி போட்டு மருந்து கெட்டிச்சு, எல்லாரையும் தூரமா போகச் சொல்லிட்டு வெடி வெப்பாங்க. சத்தம் அடங்குனதும் பசங்க நாங்க கெணத்துக்குள்ள எட்டிப் பாக்க ஓடுவோம், அப்புச்சி மட்டும் கெணத்துப் பக்கமே போகமாட்டாரு, மேலே ஏத்திக் கொட்டுன கல்லுல ஒரு துண்ட எடுத்து எச்சிலத் தொட்டுத் தேச்சு, ஆமாங்க எச்சிலுதான், நெறம் பாத்து, "அடிப்பாறை மாறிருச்சு கண்ணு"ம்பாரு. ஒண்ணு கவனிங்க, கெணத்துல அடியில இருந்த கல்லு மேட்டுல மேல கெடக்கும். ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வர்றேன்.

நான் இத்தன வருசமா பாக்கறதும் மேட்டுக் கல்லுதானுங்க. பெரிய நட்சத்திரம் வெடிச்சா அந்த வெளிச்சம் கொஞ்ச நாள்ல மங்கிரும், ஆனா செதறுன மிச்சம் செகண்டுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்துல போயி சுத்தியிருக்கற வாயுவோட மோதி, கோடி டிகிரிக்குச் சூடேறி எக்ஸ்ரேயா மின்னும். கை ஒடைஞ்சா எடுக்கறாங்களே, அந்த வகைதான். நம்ம காத்து அத கீழ விடாது, நல்லவேள! அதனால சேட்டிலைட்டுல இருந்துதான் பாக்கோணும். நட்சத்திரங்கள ஆராஞ்ச நம்ம விஞ்ஞானி சந்திரசேகர் பேர் வெச்ச சந்திரா டெலஸ்கோப் 1999-ல மேல போச்சு. அதோட கண்ணாடில எக்ஸ்ரே நேரா பட்டா திரும்பாது, குட்டையில ஓட்டாஞ்சில்லு விடறமில்லைங்க, அப்படிச் சாய்வா பட்டாத்தான் தெறிச்சு வரும்.

அது மொதல்ல காட்டுன படம் காஸியோப்பியா ஏ, 11,000 ஒளியாண்டு தூரத்துல இருக்கற மிச்சம். ஒவ்வொரு எக்ஸ்ரே துளியும் எங்க விழுந்துச்சு, எப்ப விழுந்துச்சு, எவ்வளவு சக்தின்னு ஒரு வரியா பதிவாகும், பால் சொசைட்டி நோட்டு மாதிரி. சிலிக்கானுக்கு ஒரு சக்தி, கந்தகத்துக்கு ஒண்ணு, இரும்புக்கு அத விட ரொம்ப மேல. துளிய எண்ணிப் பிரிச்சாப் போதும், எந்தச் சாமான் எங்க கெடக்குன்னு தெரிஞ்சிரும்.

இப்ப கெணத்துக்கு வர்றேன். இரும்பு அந்த நட்சத்திரத்தோட நடுவயித்துல உண்டானது, அதுக்கு வெளிய சிலிக்கான். ஆனா படத்துல தென்கிழக்குப் பக்கம் இரும்பு சிலிக்கானத் தாண்டி வெளிய நிக்குதுங்க! உள்ளது வெளிய, வெளியது உள்ள. வெடிக்கறப்பவே உள்ள பொரட்டிப் போட்டிருக்கு. 2000-ல இது வெளிவந்தப்போ எனக்கு அப்புச்சிதான் ஞாபகம் வந்தாரு, எச்சிலோட.

அட, நேரமாச்சுன்னு ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையக் காட்டறாங்க. நம்ம இஸ்ரோவோட எக்ஸ்ரே சேட்டிலைட் எக்ஸ்போசாட் 2024 ஜனவரி 1 மேல போயி, அதுல இருக்கற எக்ஸ்ஸ்பெக்ட் (XSPECT) கருவி மொதல்ல பாத்ததும் இதே காஸியோப்பியா ஏ தானுங்க. அதையும் சொல்லலாம்னு இருந்தேன்... சரிங்க, வர்றனுங்க.